கைமனாவாவுக்குப் போக ஒரு கையெழுத்து

ஒன்பது வயதில் ஷெல் துண்டு பட்டு, வலது கையில் பெருவிரலும் சின்னவிரலும் மட்டும் மிஞ்சியபோது, இந்தப் பிள்ளை விடியும்வரை தாங்காது என்று ஊர் டாக்டர் சொன்னார். சஞ்சீவன் தாங்கினான். மண்டபம் அகதி முகாமில் மூன்று தரம் காய்ச்சல் வந்து மூன்று தரமும் எழும்பினான். பதினேழு வயதில் ஆக்லாந்துக்கு வந்து, தொலைக்காட்சி பார்த்தும் நூலகத்தில் படம் போட்ட புத்தகங்கள் எடுத்தும் ஆங்கிலம் வாசிக்கப் பழகினான். மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், இரண்டு கையும் முழுசாக இருந்த நாலு பேர் தவறிய ஃபோர்க்லிஃப்ட் சோதனையில் முதல் தரமே சித்தியடைந்தான். துவக்கு லைசென்சுக்கான, சரியான விடைக்குப் புள்ளடி போடுகிற சோதனையில் முப்பதுக்கு இருபத்தொன்பது. அந்த ஒன்றும் தெரியாமல் விட்டதல்ல, கடைசிப் பக்கத்தைப் புரட்ட மறந்துவிட்டான் என்று அவனுடைய அக்கா புஷ்பவதி இன்றைக்கும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

மான் வேட்டை ஆசை தொழிற்சாலையில் பிடித்தது. கூட வேலை செய்த சிவனேசன் மலேசியாக்காரர். வருடா வருடம் ஏப்ரலில் தெற்கே கைமனாவா மலைக்குப் போவார். அது அரசாங்கக் காடு. அனுமதிச் சீட்டு எடுத்தால் யாரும் வேட்டையாடலாம். ஆக்லாந்துப் பக்கத்தில் அப்படி மான் கிடையாது. தாப்போ ஏரியையும் தாண்டிப் போக வேண்டும். ஆண் மான்கள் துணை தேடிக் கத்துகிற பருவம் அது. பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும் என்று சிவனேசன் சொல்லச் சொல்ல, சஞ்சீவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருப்பான்.

பாபகூராவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் புஷ்பவதி முதலில் கோபத்தில் துள்ளினாள். துவக்கு என்ற சொல்லே இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்றாள். ஆனால் அவன் மலையின் வரைபடத்தை வாங்கிச் சுவரில் ஒட்டி, ஆறு கடக்கிற இடம், கூடாரம் போடுகிற இடம், காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவளுக்கு அவன் முகம்தான் தெரிந்தது. ஒழுங்காகத் திட்டம் போடுகிற ஒருவரை அவளால் கோபிக்க முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் அவளுடைய கோப்புகளில் ஒரு கடதாசி கோணலாக இருக்காது. ஏப்ரல் நாலாம் தேதி தொடங்கி ஒன்பது நாள் லீவுக்கு அவளே படிவம் நிரப்பினாள். துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியைச் சுவரோடு பூட்ட வீட்டுக்காரரிடம் கடிதமும் வாங்கினாள்.

லைசென்சுக்கு உறவில்லாத ஒருவர் இவனைப் பற்றிப் பொலிசுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு பின்னேரம் இருவரும் ஹில்ஸ்பரோவுக்கு, தமிழ்ச் சங்கத் தலைவர் இரத்தினசிங்கம் வீட்டுக்குப் போனார்கள்.

"தங்கச்சி, உமக்கென்ன விசரே?" என்றார் அவர். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். பொலிஸ்காரன் வந்து, இவருக்குத் துவக்குக் குடுக்கலாமோ எண்டு கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. ஆறு வருசமாத் தெரியும்தானே."

"தெரியும். வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான் எண்டும் தெரியும். அதோடை..." அவர் சஞ்சீவனின் வலது கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார். "இந்தக் கைக்கு ஏலாது தங்கச்சி. மானைச் சுடப்போய் மனிசரைச் சுட்டால்?"

சஞ்சீவன் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தட்டில் வைத்தான். சத்தமே வரவில்லை.

புஷ்பவதிக்குக் காதுமடல் சுட்டது. "போன பொங்கலுக்கு உங்கட சங்கத்துக் கதிரை முந்நூறையும் அடுக்கினது இந்தக் கைதான் அண்ணை. அப்ப ஏலும் போலை" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன வடைப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. அவன் ஒரு வடையை எடுத்துத் தின்றான்.

அடுத்த நாள் சிவனேசன் போனில் சிரித்தார். "எதுக்குக்கா அந்தாள்கிட்ட போனீங்க? நான் இருக்கேன்ல? ஆமான்னு சொல்ல ஒரு நிமிசம் போதும்லா. தம்பிக்கு இடது கைத் துப்பாக்கி ஒண்ணும் பாத்து வச்சிருக்கேன். சுடுற ரேஞ்சுல என்னோடதுல அவன் சுட்டதப் பாத்திருந்தா நீங்க அங்கயே கைதட்டியிருப்பீங்க."

இரத்தினசிங்கத்தின் மேல் இருந்த கோபத்தோடேயே புஷ்பவதி விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள். கறுப்புப் பேனா, அடிமட்டம், பெரிய எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கடைசியில் விண்ணப்பதாரர் கையெழுத்து என்ற இடத்தில், ஆறு வருடமாக அவன் பெயரில் எல்லாவற்றிலும் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டாள். முகாமில் அவன் பெருவிரல் அடையாளம்தான் வைத்தான். இந்த நாட்டில் அது மரியாதையாக இராது என்று வந்த முதல் வாரமே அவள் முடிவெடுத்திருந்தாள்.

மார்ச் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, சாந்தமான மனிதர். அலுமாரியை இழுத்துப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சஞ்சீவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் புஷ்பவதியிடம் கேட்டார்: தம்பிக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, இந்த வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா? அவன் இதுவரை குரல் உயர்த்தியதே இல்லை என்றாள். சொன்னதை எழுதி அவர் நீட்டிய தாளில் கையொப்பம் போட்டாள். அவர் அதை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

தன் எழுத்தைப் பாராட்டப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

இதில் கையெழுத்திட்டது யார் என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் பெருமையாக. "எல்லாத்துக்கும் நான்தான் போடுறது."

அவர் கோப்பை மூடினார். அதட்டவில்லை. துவக்குக் கேட்கிறவர் தானே கையெழுத்திட வேண்டும், இந்த விண்ணப்பத்தைத் தன்னால் ஏற்க முடியாது என்று விளக்கினார். புதுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்தார். செவ்வாய்க்கிழமைக்குள் சஞ்சீவனே ஸ்டேஷனுக்கு வந்து தனக்கு முன்னால் ஒப்பமிட்டால் ஏப்ரலுக்குள் முடிக்கப் பார்க்கலாம்; பிந்தினால் முடியாது.

வெளியே அவனிடமும் அதையே சொல்லிவிட்டு அதிகாரி புறப்பட்டார். கார் தெருமுனையைத் தாண்டும்வரை சஞ்சீவன் பொறுத்திருந்தான்.

"ஆரக்கா உங்களைப் போடச் சொன்னது?"

"எப்பவும் போடுறதுதானே..."

"அதைத்தான் கேக்கிறன்! லீவுப் படிவம் உங்கட கையெழுத்து. பாங்க் உங்கட கையெழுத்து. நான் செத்தாலும் அதுக்கும் நீங்களே வைச்சுப்போட்டு வந்து அழுவியள்."

"நன்றியில்லாத கதை கதைக்காதை! உன்ர கைக்கு ஏலாது எண்டுதான் நான்..."

"அந்தாளும் அதைத்தான் சொன்னவர்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். வீடு அதிர்ந்தது. புஷ்பவதி கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள். இரத்தினசிங்கத்தின் மீது இருந்த கோபமெல்லாம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவள் மேலேயே வந்து நின்றது. அந்தாள் ஒரு தரம் சொன்னான். அவள் ஆறு வருடமாகச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் கேட்டுச் சிவனேசன் சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். "லைசென்ஸ் வராட்டியும் கூட்டிட்டுப் போவேன்டா. என் பக்கத்திலயே நிக்கணும், நான் குடுத்தாத்தான் சுடணும். சட்டப்படி சரிதான்."

"இல்லையண்ணை," என்றான் சஞ்சீவன். "ஒருத்தற்றை பக்கத்திலை நிண்டு ஓம் எண்ட பிறகு சுட நான் வரேல்லை. அப்பிடியெண்டால் அடுத்த வருசம்."

பிறகு சமையலறை மேசையில் பழைய நாட்காட்டித் தாள்களைப் பரப்பி, இடது கையால் தன் பெயரை எழுதத் தொடங்கினான். தமிழில். முதல் எழுத்தே கவிழ்ந்தது. 'ஞ்' அவனைப் படாதபாடு படுத்தியது. பேனா இரண்டு தரம் தாளைக் கிழித்தது. புஷ்பவதியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"புள்ளி வைச்சுத் தரட்டே? அதுக்கு மேலாலை..."

"அக்கா."

"சரி, சரி."

அவள் பின்வளவுக்குப் போய் காயாத உடுப்புகளைக் கொடியில் மாற்றி மாற்றிப் போட்டாள். ஞாயிறு முழுக்கவும், திங்கள் வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலும் மேசையில் குந்தினான். புதுப் படிவத்தையும் அவனே நிரப்பினான். பெட்டிகளுக்கு வெளியே போன கோணல் எழுத்துகளைப் பார்க்க அவளுடைய விரல்கள் துடித்தன. மடியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து வைத்துக்கொண்டாள்.

லைசென்ஸ் ஏப்ரல் முதலாம் தேதி தபாலில் வந்தது. நாலாம் தேதி அவனும் சிவனேசனும் புறப்பட்டார்கள். கைமனாவாவில் முதல் நாலு நாளும் மழை. ஐந்தாம் நாள் காலை எதிர்ச் சரிவில் ஆண் மான் ஒன்று கத்தியது. சிவனேசன் கூடாரத்தில் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். சஞ்சீவன் தனியே இரண்டு மணித்தியாலம் காற்றுக்கு எதிராக ஏறி, இடது தோளில் துவக்கை வைத்து, ஒரே வெடியில் விழுத்தினான். இறைச்சியை மூன்று தரமாகச் சுமந்து இறக்கினான்.

திரும்பிய மறுநாளே போன் அடித்தது. இரத்தினசிங்கம்.

"தங்கச்சி, தம்பி பெரிய கலைமான் ஒண்டு அடிச்சவராம். சங்கத்துக்கே பெருமை. எங்களுக்கும் ஒரு துண்டு..."

"இருக்கண்ணை. ஆனால் அது அந்தக் கையாலை வெட்டினது. உங்களுக்குச் செமிக்காது" என்று புஷ்பவதி போனை வைத்தாள்.

அவன் கையெழுத்திடப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, பொலிஸ் ஸ்டேஷனில் அவள் வாசலுக்கு உள்ளே போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவன் முதுகுதான் தெரிந்தது. நீண்ட நேரம் குனிந்திருந்தது. அந்தப் படிவத்தின் நகல் ஒன்றை அதிகாரி அவனிடம் கொடுத்தார். அது இப்போது அவளுடைய கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. பெயர் மேல்நோக்கி ஏறிப் போகிறது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் தேதியையும் அவனே எழுதியிருக்கிறான்: 1998 மார்ச் 10.