பெர்சி நாதன் வெளியே போயிருக்கிறார்

உட்கார்ந்துகொண்டு புகார் சொல்ல பசுபதிக்கு வராது. போனில் எண்ணை அழுத்துவதற்கு முன் எழுந்து நிற்பார். மடித்துக் கட்டிய கைலியை இறக்கி விடுவார், தொண்டையைச் செருமுவார், சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். விற்பனைக்கு ஒன்று, பில்லுக்கு இரண்டு, ஸ்பானிஷுக்கு எட்டு என்று இயந்திரம் வழி சொல்லிக்கொண்டே போகும். அவர் எதையும் அழுத்தமாட்டார். இந்த வீட்டில் இன்னும் விரலைவிட்டுச் சுற்றுகிற பழைய போன்தான் இருக்கிறது போல என்று இயந்திரமே முடிவுகட்டி, கடைசியில் ஓர் ஆளிடம் கொடுத்துவிடும். "நமக்கு அவசரமில்லேன்னு மெஷினுக்குத் தெரியணும்" என்பார்.

ஆள் வந்ததும் அந்தக் குரல் புறப்படும். "குட் ஆஃப்டர்நூன். பெர்சி நாதன் ஸ்பீக்கிங்." டெக்ஸஸ் மாநிலம் பிளானோவில், அக்டோபரிலும் தணியாத வெயிலில், பனியனும் கைலியுமாக நிற்கும் மனிதரிடமிருந்து கோட்டுப் போட்டுக் குடை பிடித்த ஒரு குரல் வரும். எதிர்முனையில் சூயிங்கம் மெல்லும் சத்தம் நிற்கும். "எஸ் சார்" என்பார்கள். தாமதக் கட்டணம் ரத்தாகும்; காலை எட்டு முதல் மாலை ஐந்துக்குள் எப்போதாவது வரவேண்டிய ரிப்பேர்காரர் பத்து மணிக்கே வந்து நிற்பார்.

குரல் நடிப்பு இல்லை. கரூரில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோரோடு இங்கிலாந்துக்குப் போய், கவன்ட்ரியில் வளர்ந்தவர். பசுபதி விஸ்வநாதன் என்ற பெயரை முன்னும் பின்னும் வெட்டி பெர்சி நாதன் ஆக்கியது அங்கே ஒரு பள்ளி ஆசிரியை. அங்கிருந்த முப்பது வருஷமும் அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அதே குரல்தான். டெலிகாம் கம்பெனி வேலையாக டெக்ஸஸுக்கு வந்த பிறகுதான் அது இவ்வளவு விலை போகும் என்று தெரிந்தது.

"எந்த ஊர்?" என்று வெள்ளைக்காரர் கேட்டால் "கவன்ட்ரி" என்பார். "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வந்தால் முகம் சிவக்கும். பொங்கல் விருந்தில் நம்மவர்களும் அதே இரண்டு கேள்விகளை அதே வரிசையில் கேட்பார்கள். அப்போது மட்டும் "கரூருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

பிளானோ தமிழர்களுக்கு அவர் ஒரு பொதுச் சொத்து. பக்கத்துத் தெரு காமாக்ஷி ஆன்ட்டி கிரெடிட் கார்டு பில்லோடு நேராக உள்ளே வருவார். "பசுபதி, நான் பேசினா அந்தக் கடங்காரன் ஹோல்டுல போட்டுட்டுப் போயிடறான்டா. உன் பக்கிங்ஹாம் வாய்ஸ்ல ரெண்டு வார்த்தை சொல்லேன்."

"ஆன்ட்டி, நான் கவன்ட்ரி."

"எல்லாம் ஒண்ணுதான். டயல் பண்ணு."

மனைவி கலாவதி கரூர்க்காரர். "போன்ல முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட அத்தனை ப்ளீஸ், அத்தனை தேங்க்யூங்க. எங்கிட்ட 'காப்பி'ன்னு ஒத்தச் சொல்லுதான்" என்பார். பத்து வயது மகள் வெண்பாவின் கருத்து இன்னும் சுருக்கம்: "டாட், யூ சவுண்ட் லைக் எ பட்லர்."

சிக்கல் வாசலில்தான். போனில் பேசியவரைத் தேடி வரும் ஆள் கதவைத் திறந்தவரைப் பார்ப்பான். "மிஸ்டர் நாதன் இருக்காரா? அந்த இங்கிலீஷ்காரர்?" முதல் தடவை ஒரு கேபிள்காரன் அப்படிக் கேட்டபோது பசுபதி வேடிக்கையாகத்தான், "அவர் வெளியே போயிருக்கிறார். நீங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார். பெட்டியைத் திறந்துகொண்டே அவன், "அவர்கிட்ட ரொம்ப நாளா வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டான். "நாற்பது வருஷமாக" என்றார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பெர்சி நாதன் வெளியே போகாத ரிப்பேர் நாளே கிடையாது.

இந்த நிலையில்தான் பெரிய டிவி பச்சையானது. சுவரில் பாதியை அடைக்கிற புரொஜெக்ஷன் டிவி. வாங்கிய நான்காம் மாதம், செய்தி வாசிப்பவர், கூடைப்பந்து வீரர், சோப்பு விளம்பரத்துக் குழந்தை, வாடகை கேஸட்டில் வரும் தமிழ்க் கதாநாயகி, எல்லோரும் பச்சை. மூன்று வாரம் அந்த வீட்டில் உலகத்து இனங்கள் அத்தனையும் ஒரே நிறம்.

புகாரை எடுத்தவர் டோரீன். டிவி கம்பெனியின் டாலஸ் அலுவலகத்தில் வாடிக்கையாளர் குறை கேட்கும் பெண்மணி. மேற்கு டெக்ஸஸின் லப்பக் பக்கத்து இழுவைப் பேச்சு. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மாட்டு வண்டி போய் வரலாம். டிவியின் பின்பக்கம் ஒட்டியிருந்த எச்சரிக்கையை முழுக்க வாசிக்கச் சொன்னார். "எதற்கு?" என்று பசுபதி கேட்டார். "எதுக்கும் இல்லை, கண்ணு. எங்க ஊர்ல அது 'அலூமினம்'. உங்க குரல்ல அலுமினியம்னு கேக்கணும்" என்றார்.

உதிரிபாகம் வரத் தாமதமாக ஆக, பேச்சு நீண்டது. சின்ன ஊரில் டோரீனின் அப்பா வைத்திருந்த மளிகைக் கடை, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து டிவி பார்த்த காலம், வெள்ளிக்கிழமை தவறாத பள்ளிக் கால்பந்து, ஆபரேஷன் செய்த முழங்கால். பசுபதி முழங்காலை மறக்காமல் விசாரிப்பார். கவன்ட்ரி மழையைப் பற்றி யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார். டோரீன் எப்படி இருப்பார் என்றும் முடிவுசெய்துவிட்டார்: பஞ்சுமிட்டாய்போல உயர்த்திக் கட்டிய பொன்னிறத் தலைமுடி, பூட்ஸ், பிக்கப் டிரக். டிவி ரிப்பேர் ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை டோரீனே கூப்பிட்டார். நாளையோடு ஓய்வு பெறுகிறாராம். உதிரிபாகம் மேஜைமேல் இருக்கிறது, கூரியரை நம்புவதற்கில்லை. வீடு பக்கத்து ஊர்தான், சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன், பீக்கன் பை என்கிற கொட்டைப் பலகாரம் ஒன்றும் சுட்டு எடுத்து வருகிறேன், முழங்காலை விசாரித்த ஒரே வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

"டிலைட்டட்" என்று பெர்சி நாதன் போனை வைத்தார். பசுபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வரவேணாம்னு சொல்லிருக்கணும்."

"ஏனுங்க, அந்தம்மா வந்தா கடிச்சா வெச்சுரும்?" என்றார் கலாவதி.

"கேபிள்காரன் கேட்டா சிரிச்சுட்டுப் போயிடலாம், கலா. அவன மறுபடி பாக்கப்போறதில்ல. டோரீனும் வந்து எங்கிட்டயே 'பெர்சி இருக்காரா'ன்னு கேட்டா?" சற்று நிறுத்தி, "அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?" என்றார்.

"நாந்தாங்கம்மா பெர்சின்னு சொல்லுங்க. வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?"

"நீ போய்க் கதவத் தொறந்து, அவரு டென்னிஸ் ஆடப் போயிட்டாருன்னு..."

"நாஞ் சொல்லமாட்டேன் போங்க. அந்தப் பொய்யச் சொல்றதுக்குத்தான் நாப்பது வருசத்து வேலக்காரர் ஒருத்தர் இருக்காரே."

தீர்வு சொன்னது வெண்பா. அந்தம்மா கேள்வி கேட்பதற்குள் அப்பா முந்திப் பேசிவிட வேண்டும். குரலைக் கேட்டுவிட்டால் முகத்தைப் பற்றிச் சந்தேகம் வராது. பசுபதிக்கு அது பிடித்திருந்தது. வெள்ளி முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தைப் பழகினார்: டோரீன், கடைசியில் உங்களைப் பார்க்கக் கிடைத்ததில் எத்தனை சந்தோஷம்.

சனிக்கிழமை கோட்டும் டையுமாக ஹாலில் நடந்தார். பீக்கன் பை சாப்பிடலாம் என்று வந்து சோபாவில் இடம்பிடித்திருந்த காமாக்ஷி, "என்னடா, பொண்ணு உன்னைப் பாக்க வராளா?" என்றார். பச்சை முகத்தோடு ஒருவர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. பசுபதி மூச்சை இழுத்துப் பிடித்துக் கதவைத் திறந்தார்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண்மணி நின்றிருந்தார். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, பள்ளிக் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டை. ஒரு கையில் ஃபாயில் மூடிய தட்டு, கக்கத்தில் அட்டைப்பெட்டி. பழகி வைத்த வாக்கியம் பசுபதிக்கு வரவில்லை. அவர் பார்வை அந்த அம்மாளின் தலைக்கு மேலாகப் போய், தெருவோரம் நின்ற காரில் விழுந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. பக்கத்து இருக்கையும் காலி. சற்று எட்டிப் பின் இருக்கையையும் பார்த்தார்.

"டோரீன் வரவில்லையா?" என்று கேட்டார், மூன்று வாரமாகப் போனில் பேசிய அதே குரலில்.

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது.

"அவசரமே இல்லை, பெர்சி. நல்லாப் பார்த்துக்குங்க" என்றார், லப்பக் இழுவை ஒரு சொல்லிலும் குறையாமல்.

பிறகு, வலிக்கிற முழங்காலைத் தாங்கியபடி, கார் முழுவதும் அவருக்குத் தெரியும்படி ஒரு அடி ஒதுங்கி நின்றார்.