சாவி என் கைப்பையில் இருந்தது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை பத்தரை மணி இருக்கும். ஆனேக்கல்லில் என் தங்கை வீட்டுச் சமையலறையில், சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு, ஒழுகுகிற பைப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் குடும்பம் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், பொம்மனஹள்ளியில், எங்கள் மாடி வாடகை வீட்டில் இருந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பீற்றிக்கொள்கிற மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தையல் மெஷின் நின்றுபோனால், மெக்கானிக் வரும்வரை பொறுமையில்லாமல் நானே திறந்து பார்த்துப் பழகியவள். வாழ்க்கைப்பட்டதோ வாத்தியார் குடும்பத்தில். கணவர் ஹைஸ்கூல் வாத்தியார், மாமியார் ரிட்டயரான டீச்சர். இரண்டு பேரும் சாக்பீஸைத் தவிர வேறு எதையும் இறுக்கிப் பிடித்தறியாதவர்கள். சமையல் நடுவே சிலிண்டர் தீர்ந்துபோனால், நான் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொடுத்ததில்லை. "நான் இல்லேன்னா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிக்கொண்டே ஓடி ஓடிச் செய்வதில் எனக்கு ஒரு தனி சுகம்.

என் டூல் பாக்ஸை நான் பூட்டியே வைத்திருப்பேன். ஒருமுறை என் நல்ல ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கணவர் பெயின்ட் டப்பா மூடியை நெம்பி நுனியை மழுக்கிவிட்டார். இன்னொரு முறை, மாட்டிக்கொண்ட ரூம் கதவைத் திறக்கிறேன் பேர்வழி என்று பூட்டையே உடைத்துவிட்டார். ஒரு வாரம் விடாமல் திட்டினேன். "உங்க கைக்கு சாக்பீஸ்தான் லாயக்கு. இனிமே எதையாவது தொட்டீங்க, அவ்வளவுதான்!" மகள் முன்னாடியேதான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த டிசம்பரில் குளிர் ரொம்ப அதிகம். பாத்ரூம் மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகச் சில்லென்று காற்று வருகிறது என்று மாமியார் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை மதியம் நான் வேலையில் இறங்கினேன். அக்ரிலிக் ஷீட்டை அளவாக வெட்டி ஜன்னலில் பொருத்தி, சுற்றிலும் சிலிகான் பசை வைத்து, ஊசி நுழையாதபடி அடைத்தேன். போகிற போக்கில், ஆடிக்கொண்டிருந்த கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றி, பெரிய தாழ்ப்பாளாக மாட்டி, இரண்டரை இன்ச் ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். "யானை வந்து முட்டினாலும் அசையாது" என்று தட்டிக் காட்டினேன். வீடே பாராட்டியது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்த பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தது. நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று அதன் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வாங்கின புதிதில், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுரண்டி எடுத்தவளும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் நான் குளித்தேன். வெளியே வரும்போது லேசாகத் தலை வலித்தது. காபி குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டு ஆனேக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டேன். எனக்குப் பிறகு கணவர் குளித்திருக்கிறார். அவருக்குப் பின்னாலேயே பி.யூ.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்கிற என் மகள் தலைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள்.

சிங்க்குக்கு அடியில் இருந்தபோதுதான் போன் வந்தது. கணவர்.

"பாப்பா பாத்ரூம் போய் அரைமணி நேரம் ஆச்சு. தட்டுனா பதிலே இல்ல. தண்ணி சத்தம் மட்டும் கேக்குது. நீ எங்க இருக்க? சீக்கிரம் வந்து தொற."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி அந்தத் தலைவலி ஞாபகம் வந்தது. கீசர், அடைத்த ஜன்னல், காற்றோட்டமில்லாமல் எரிந்தால் கிளம்புகிற விஷக்காற்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஐயோ, என் பிள்ளையை நானே அடைத்து வைத்துவிட்டேனே!

"கதவை உடைங்க!" என்று கத்தினேன்.

"டூல் பாக்ஸ் பூட்டியிருக்கு. சாவி எங்க வச்சிருக்க?"

சாவி என் கைப்பையில் இருந்தது. தங்கை வீட்டு ஹாலில், நாற்காலி மேலே.

"கையில கெடச்சத எடுத்து உடைங்க!"

அந்தப் பக்கம் ஒரு தயக்கம். பிறகு அவர் கேட்டதை என்னால் சாகும்வரை மறக்க முடியாது.

"உடைச்சிடட்டுமா? அப்புறம் நீ திட்ட மாட்டியே?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்தபடி கத்தினேன், அழுதேன். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் பின்பக்க பால்கனிக்குப் போய், அங்கே இருக்கிற கீசர் சிலிண்டரை மூடச் சொன்னேன். "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்து, அங்கேயே ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஷீட்டை உடைக்கச் சொன்னேன். மாமியார் அம்மிக் குழவியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஷீட் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு. தாழ்ப்பாள் இருக்கிற இடமாகப் பார்த்துக் குழவியால் இடித்தார். பழைய தாழ்ப்பாளாக இருந்திருந்தால் இரண்டு இடியில் தெறித்திருக்கும். நான் போட்டது அசையவே இல்லை. ஒவ்வொரு இடியும் போன் வழியாக என் நெஞ்சில் விழுந்தது. "வுடாதடா, இடி!" என்று மாமியார் அலறுவது கேட்டது. கீழ்வீட்டு ஓனர் மேலே ஓடி வந்து, "ஏனாய்த்து சார்?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று விசாரித்ததும் கேட்டது. பிறகு மரம் பிளக்கிற சத்தம். பிறகு மாமியாரின் ஒரே ஒரு வீறிடல். போன் கட்டாகிவிட்டது.

தங்கை வீட்டுக்காரர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். சந்தாபுரம் ஊரைத் தாண்டும்வரை நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் எடுக்கவில்லை. பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் அத்தனை தூரம் போனேன். வழியில் ஓனர்தான் கூப்பிட்டு ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொன்னார். வேறு எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எமர்ஜென்சி வார்டு வாசலில் போய் நின்றபோது, உள்ளே டாக்டரம்மா என் கணவரைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "கேஸ் கீசர் இருக்கிற பாத்ரூம்ல யாராவது ஜன்னலை அடைப்பாங்களா? யார் பண்ண வேலை இது?"

வலது கையில் கட்டு. சட்டையெல்லாம் ஈரம். தலையைக் குனிந்தபடி என் கணவர் சொன்னார்: "நான்தான் மேடம். தெரியாம அடைச்சிட்டேன்."

ஸ்க்ரூவை எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியாத மனுஷன் அவர். அந்த டாக்டர் முன்னால் போய் நின்று, "அவர் இல்ல மேடம், நான்தான் அடைச்சேன்" என்று சொன்னேன்.

மகள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். சாயங்காலம்தான் என்னை அடையாளம் தெரிந்தது. "அம்மா, தலை வலிக்குதும்மா" என்றாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது கீசர் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அதை மாற்ற ஆளைக் கூப்பிட்டோம், நான் கை வைக்கவில்லை. டூல் பாக்ஸ் பூட்டைக் குப்பையில் போட்டேன். சிலிண்டர் மாற்ற வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாமியார் உட்பட. புதுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டினவர் என் கணவர். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கோணலாகத்தான் மாட்டியிருக்கிறார், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் விழும்.

தினமும் அதைத் தூக்கிப் பிடித்துப் போடும்போது, கழற்றிச் சரியாக மாட்டக் கை பரபரக்கும். அப்போதெல்லாம், பெற்ற பிள்ளை உள்ளே விழுந்து கிடக்கையில் கதவை உடைத்தால் பெண்டாட்டி திட்டுவாளோ என்று ஒரு தகப்பன் தயங்கி நின்ற அந்த அரை நிமிஷம் நினைவுக்கு வரும். அந்த அரை நிமிஷத்தையும் என் கையால் நானேதான் செய்து வைத்திருந்தேன்.