அட்டைப்பெட்டியில் வந்த பாடத்திட்டம்

என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. மூன்றாம் வகுப்பில் தமிழில் பேசிவிட்டாள் என்று அவள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். அடுத்து யாராவது தமிழில் பேசினால் காட்டிக்கொடு, அட்டையை அவர்களுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் மூடிய வாய் கொஞ்ச நாளில் வீட்டிலும் மூடியது. சத்தமாகப் படி என்று புத்தகத்தைக் கொடுத்தால் உதடு மட்டும் அசையும். நான் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தாவாக இருக்கும் என் கணவர் பயந்துபோனார்.

"ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

"ஊர்க்காரங்க வந்து புள்ளைய பேச வெப்பாங்களா?" என்றேன்.

பாடத்திட்டம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள். பிள்ளை படிப்பதில் ஆண்டவரும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு மாதம் செல்போனும் கையுமாக மாதிரிப் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்றில் பாட்டு ஜாஸ்தி, பாடம் கம்மி. இன்னொன்றில் அம்மா தினமும் ஆறு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வேண்டுமாம். அப்புறம் உலை வைப்பது யார்?

சிதம்பரத்தில் இருக்கும் என் கணவரின் அக்கா ஒரே போனில் முடித்துவிட்டார். அவர் சபையில் ஆறேழு குடும்பங்கள் வீட்டிலேயே பாடம் நடத்துகின்றன. எல்லாருக்கும் ஒரே அமெரிக்கப் பாடத்திட்டம்.

"கண்ண மூடிக்கிட்டு எடு. கணக்குலகூட வசனம் வருது. ஆன்சர் கீயும் கூடவே வருது. நீ டிக் போட்டாப் போதும்" என்றார் அண்ணி.

நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

பெட்டி வந்தது. வெளியே கடலூர் வெயில் மண்டையைப் பிளக்க, கணக்குப் புத்தகத்தில் பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மகள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. மூன்றாவது வாரம் வேதப்பாட நோட்டில் ஒரு பக்கம் வந்தது. நீ ஜெபிக்க வேண்டிய, இரட்சிக்கப்படாத ஐந்து பேரை எழுது. அவள் முத்து முத்தாக எழுதியிருந்தாள். நான் டிக் போட்டேன்.

முதல் பெயர் கீழ்வீட்டு அக்காவுடையது. சொந்தமில்லை, ஆனாலும் என் மகளுக்குப் பெரியம்மா. காடாம்புலியூர்க்காரர், தினமும் விளக்கேற்றுகிறவர். பள்ளியை நிறுத்தியபோது ஊரே கேள்வி கேட்க, அவர் மட்டும் மத்தியானங்களில் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் மகளின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரியம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். இவள் எதிரே நின்று, நோட்டை விரித்து, கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக நான் ஏங்கிய குரல். சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஒங்க பேருதான் பெரியம்மா ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

"எதுக்குடி என் பேரு?"

"நீங்க இரட்சிக்கப்படாதவங்க. செத்தா நரகத்துக்குப் போயிடுவீங்க. அதான் நான் டெய்லி ஜெபம் பண்றேன்."

கத்தி நின்றது. பெரியம்மா நாலு சுளையைத் தட்டில் வைத்து, "மேல எடுத்துட்டுப் போயி சாப்புடு" என்றார். அதுவரை ஒருநாளும் அவளை மேலே போகச் சொன்னதில்லை.

பிள்ளைக்கு விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து பழையபடி உதடு மட்டும் அசைந்தது.

நான் பெட்டியைக் கட்டினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே சிதம்பரம் போனேன். அண்ணி வீட்டில் அன்று எல்லா அம்மாக்களும் கூடியிருந்தார்கள். நடுக்கூடத்தில் பெட்டியை இறக்கி, நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு பக்கத்துக்காகவா? அத மட்டும் கிழிச்சிப் போட்டுட்டு நடத்து" என்றார் அண்ணி.

"கிழிச்சா அவ மனசுலேந்து போயிடுமா?"

"அப்ப அதுல இருக்கறது பொய்ங்கிறியா? நீ விசுவாசிதானே?"

"விசுவாசிதான் அண்ணி. அந்தம்மாவ ஆண்டவரு என்னா செய்வாருன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது, அச்சடிச்சவங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ண எம்புள்ள கையால எழுத வெக்க மாட்டேன்."

வேறொரு பெண், உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம் என்றார். தாராளமாக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜெயித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. அப்புறம் வெட்கம் பிடுங்கித் தின்றது. புத்தகம் அவர்களுடையது. டிக் என்னுடையது.

நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன்.

"நீ அந்த நோட்ட பாக்கலியா?" என்று கேட்டார் அக்கா. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பாத்தேங்க்கா. டிக்கும் போட்டேன். எனக்கு அது தப்பாவே படல."

அவர் முகம் இறுகியது. "என்ன வெறுக்கணும்னா நீயே வெறுத்துட்டுப் போ. கொழந்தைய ஏன் எழுத வெச்ச?" என்றார். திட்டினார், நன்றாகவே திட்டினார். நான் நின்று வாங்கிக்கொண்டேன். கடைசியில், "இனிமே புள்ள இங்க ஒக்காந்து படிக்கட்டும். என்னா படிக்கிறான்னு நானும் கேக்கறேன்" என்றார்.

இப்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் அரசாங்கப் புத்தகம். வேதப்பாடம் நானே தமிழில் எடுக்கிறேன். அக்கா முன்னால் வாய்விட்டு வாசிக்க முடியாத எதையும் என் வீட்டில் பாடமாக வைப்பதில்லை. எந்தப் பாடத்திட்டம் என்று சபையில் கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். முகத்தைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் அவளை வேதத்தோடு கீழே கூட்டிப்போனேன். விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பெரியம்மா, இதப் படிச்சா ஒங்களுக்குக் கோவம் வருமா?"

"கோவம் வந்தா சொல்றேன். நீ படி."

அவள் படித்தாள்.