ஊதிவிட்டு உள்ளே வாங்க

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பந்தல்குடி பக்கம் குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்து, உயிர் பிழைத்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்: இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சுழிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். சத்தியத்தையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. அதனால் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுத்தான் அவர் உள்ளே வரவேண்டும். "என்னடி, ரோட்டுல போலீஸு, வீட்டுல நீயா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு மேலேயும் எனக்குச் சந்தேகம்தான்.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சலும் சளியும் வந்து போயின. கூடவே என் மூக்கும் போய்விட்டது. மல்லி வறுத்தால் வாசம் இல்லை. தாளிப்பு கருகியதே மகள் ஓடிவந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அந்த மனுசனுக்குத் தினமும் தீபாவளிதான்.

பல்வலி என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள சதை வளர்ந்தாலும் இப்படி ஆகும். உங்களுக்கு அது இல்ல. காய்ச்சல்ல வாச நரம்பு அடிபட்டிருக்கு" என்றார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசத்தை மனசுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மாசக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். ஒரு மாத்திரைகூட எழுதாத டாக்டரை எப்படி நம்புவது?

இருந்தும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு முகர்ந்தேன். ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். "பல்லு வலிக்குக் கிராம்பு நல்லது" என்று சமாளித்தேன். சாயங்காலம் வழக்கம்போல ஊதினார். எனக்கு வெறும் காற்றுதான். எல்லாம் தெரிந்தவள்போல "சரி, வாங்க" என்றேன்.

போன வாரம் அவர் ஊதியபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. கிராம்பு! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தப் போனவள் அப்படியே நின்றேன். கிராம்பு டப்பா அடுப்படியில் அல்லவா இருக்கிறது?

"வாயில என்ன?"

"பல்லு வலி. கிராம்பு நல்லதுன்னு நீதான சொன்ன."

எனக்கு என்றைக்கும் பல் வலித்ததில்லை. அவருக்கும்தான்.

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நான் மகளுடைய பையை எடுக்க உள்ளே போனேன்.