சின்னதாய் வளர்ந்த இரண்டு

ஆய்வகத்தில் ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள் என்றால் அவளிடம் யாரும் பேசக் கூடாது; கதவைக்கூட அறைந்து சாத்தக் கூடாது. நுண்ணோக்கியின் கீழே முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி. அதன் நுனியால் ஈஸ்ட் நுண்ணுயிரின் வித்துப்பை ஒன்றைப் பிரித்து, உள்ளே ஒட்டிக் கிடக்கும் நான்கு வித்துகளையும் தட்டில் வரிசையாக வைக்கிறாள். மேசை அதிர்ந்தால் நான்கும் போச்சு. "யாரது, யானை மாதிரி நடக்கிறது?" என்பாள், கண்ணை எடுக்காமலே.

தாய் ஈஸ்டில் எந்த மரபணுவும் இரண்டு பிரதி. சோதிக்க வேண்டிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள். ஆகவே அந்த நான்கு வித்துப் பிள்ளைகளில் இரண்டுக்கு அது உண்டு, இரண்டுக்குக் கிடையாது. மூன்று நாள் கதகதப்பில் வைத்துப் பார்ப்பார்கள். இல்லாத இரண்டும் முளைக்கவே இல்லை என்றால் அந்த மரபணு இன்றியமையாதது. முளைத்துவிட்டால், தேவையில்லாதது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். ஐந்து மாதத்துக்கு முன், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது வாரமே இவள் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். "பரவாயில்ல, அக்கா தேறிட்டாங்க" என்றார்கள். போனில் மகனும் அதையே சொன்னான்: "உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா." அவள் "ம்" என்றாள்.

இன்று தட்டைத் திறந்தால் வரிசைக்கு இரண்டு பெரிய புள்ளி, இரண்டு ஊசிமுனையளவு. ஆராய்ச்சி மாணவி படிவத்தில் 'தேவையில்லை' கட்டத்தில் குறியிட்டு நீட்டினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரிபார்த்துட்டேன்க்கா. நீக்கினதுதான் சின்னது. ஆனா உயிரோட இருக்கே."

"சாகல, அவ்வளவுதான். சாகலன்னா தேவைப்படலன்னு ஆயிடுமா?"

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. நீங்க என்ன, ஈஸ்டுக்கு வக்கீலா?"

"ஆமான்னே வச்சுக்கோ. ஓரத்துல எழுது. இப்படியே அனுப்பினா தட்டு குப்பைக்குப் போயிடும். அப்புறம் இதை யாரு திரும்பிப் பார்ப்பா?"

மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: 'வாழ்கிறது, வளர்ச்சி மிகக் குறைவு.'

ஊசியக்கா அதை இரண்டு முறை படித்த பிறகே பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும்போது கைக்கடிகாரம் நழுவி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இடுக்கியில் ஓர் இரும்பு ஊசியைப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, கடிகாரப் பட்டையில் இன்னொரு துளை போட்டாள். இந்த ஐந்து மாதத்தில் ஏற்கெனவே அவள் போட்ட துளைகள் இரண்டு, அதற்குப் பக்கத்தில் இருந்தன.