முகூர்த்தப் புடவையும் மௌனமான ரிசீவரும்

போன ஞாயிறு, என் அக்கா மகள் வித்யாவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகர் போனோம். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சொந்தமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவர். ரொம்பக் கறார் என்று கேள்வி.

நாலு புடவைகூடப் பிரிக்கவில்லை... வித்யாவுக்கு போன். முகம் வெளிறிவிட்டது.

"மாமா, ரிசீவர் செத்துடுச்சாம். சிக்னலே வரலயாம்."

வித்யா ரேடியோ டெலஸ்கோப்புக்கு ரிசீவர் வடிவமைக்கிறாள். வரிசையாக நிற்கப்போகும் டிஷ்களுக்குள் உட்கார்ந்து, வானத்திலிருந்து வரும் அலைகளைப் பிடிக்கும் கருவி. இவளுடையது மிக உயர்ந்த அலைவரிசைக்கானது என்பதால், உள்ளே சில கம்பிகள் தலைமுடியைவிட மெலிசு. வருகிற சிக்னலோ அத்தனை பலவீனம் — கருவியின் சொந்தச் சூடே இரைச்சலாகி அதை அமுக்கிவிடும். அதனால் காற்றே உறைந்துபோகும் குளிரில் வைத்துச் சோதிப்பார்கள். இந்த முதல் ரிசீவர் தேறினால்தான் மற்றவற்றைச் செய்ய அனுமதி. சில வருட உழைப்பு!

"அத்தை, நான் உடனே அடையாறு லேபுக்குப் போகணும்..." என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம்.

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். பட்டு எடுக்கும்போது பாதியில் எழுந்து போவதா?

"சேலை எங்கயும் ஓடிப் போவாது. அழாத. நானும் வாரேன், நட!"

மூவரும் ஆட்டோவில் ஏறினோம். லேபில் வித்யா உள்ளே ஓடினாள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் தொங்கிய முகத்தோடு வந்தாள்.

"குளிர்ல சுருங்கி ஒரு கம்பி விட்டிருக்கும்னு நினைக்கிறேன் அத்தை. ஆனா இப்ப திறக்க முடியாது. மெதுவா சூடாகணும். நாளைக்குத்தான்."

"அவசரப்பட்டுத் திறந்தா?"

"மிச்சமும் போயிடும்."

"அப்ப இங்க உக்காந்து என்ன செய்ய? வா, சாப்பிடுவோம். பசியில உன் மொகமே வாடிப் போச்சு."

வித்யா சிரித்துவிட்டாள். பக்கத்து ஓட்டலில், தோசை ஆறுவதுகூடத் தெரியாமல் அந்தக் கம்பியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றுமே செய்ய முடியாத நேரத்தில் ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கூட உட்கார எத்தனை பேர் வருகிறார்கள்?

மறுநாள் திறந்தாள். அவள் சந்தேகப்பட்டது சரிதான். சுருங்கினாலும் அறாதபடி கொஞ்சம் தொய்வு விட்டுப் புதுக் கம்பி இணைத்து, மறுபடி குளிர வைத்தாள். வெள்ளிக்கிழமை சிக்னல் வந்தது!

சம்பந்தியம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். கூடவே மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டேன். "இவ வேலை வேலைன்னு ஓடுறவ. உங்க பேச்சைக் காதுல வாங்கணுமேன்னு எங்களுக்குக் கொஞ்சம் கவலைதான்..."

"நல்லாச் சொன்னீங்க போங்க! அம்புட்டுத் தூரத்து நட்சத்திரம் முணுமுணுக்குறதே அவளுக்குக் கேக்குது. நான் பேசுறது கேக்காதாக்கும்?"