ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆறு டப்பா

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோணலாக இருக்கும். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதிலும் தடுமாற்றம் உண்டு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. பேசியும் பயனில்லை என்று கண்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங்கில் ஒரு ரப்பர் ஸ்டோரில் ஷீட் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்களோடு மூட்டை கட்டிய ஒருவர் அந்த வருஷத் தொடக்கத்தில் இறந்துபோனார். வெளிக்குப் போனால் ரத்தம் வருகிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்தவர். மூலம் என்று தானே முடிவுசெய்து, கருணைக்கிழங்காகச் சாப்பிட்டுத் தீர்த்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது குடலில் புற்று முற்றியிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணுக்குத் தெரியாமலும் ரத்தம் கசியும், மலத்தைச் சோதித்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம், நாற்பது தாண்டியவர்களைக் கொடுக்கச் சொல் என்றார். ஏன் என்னிடம் சொன்னாரோ. அழாமல் நின்றவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

ஸ்டோரில் நாற்பது தாண்டியவர்கள் என்னோடு ஆறு பேர். அவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. சொன்னதும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று ஷீட் பிரிக்கும் உஜோங் பாசிர்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “வெள்ளக்காரனே மூட்ட கட்டுறான், போற நேரத்துல நம்ம டப்பா அவனுக்கு எதுக்குய்யா?” என்றார். கறியில் உள்ள ரத்தமும் காட்டிவிடும், அதனால் சோதனைக்கு முன் மூன்று நாள் கறி கூடாது என்றேன். உடனே சிரிப்பு நின்றது. செத்தவரைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம். எடை போடும் அண்ணன் ஒருவர்தான் முகம் மாறாமல் இருந்தார். அவர் சுத்த சைவம். அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடிபோட்ட தகர டப்பாக்களை எப்படியோ வாங்கிக்கொண்டார்கள். சொன்ன நாளில், ஞாபகப்படுத்தாமலே, ஐந்து பேரும் நீட்டினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னுடையதையும் சேர்த்து சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் ஆள் அனுப்பினார். ஆறில் ஒன்று சுத்தம், அது என்னுடையது. மற்ற ஐந்திலும் ரத்தம். முதலாளி தவுக்கேயிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு எல்லாரும் போனோம். வழியெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று நினைத்து நான்கூட ஆறுதல் சொன்னேன். டிரெசர் விசாரிக்கத் தொடங்கியதும் உஜோங் பாசிர்காரர் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சாமியோடதுதான் சார்.”

எங்கள் ஸ்டோரில் எதையும் ஒருவர் எல்லாருக்குமாகச் செய்துவிடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு ஆறு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்துவருவது சாமிதான். இதையும் அப்படியே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் சைவம், மற்றவர்களுக்கு மூன்று நாள் பத்தியம் மிச்சம். கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர், ஐந்து டப்பாவையும் அவரே நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

“அப்ப நமக்கு ஒண்ணுமில்லலா,” என்று ஒருவர் மூச்சு விட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சோதிக்காமலே தேறிவிட்டார்களாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

சாமியை மட்டும் இருக்கச் சொன்ன டிரெசர், டாக்டர் குழாய் விட்டு உள்ளே பார்ப்பார் என்றார். சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னால் ஓடிக் கையைப் பிடித்தேன்.

“விடு தம்பி. அந்த எடத்துல லைட்டு அடிச்சிப் பாப்பாங்களாம். அதுக்கு நான் செத்தே போறேன்.”

“செத்தா, குளிப்பாட்டுறப்ப நாங்க எல்லாருமே பாப்போம்ணே. இப்ப டாக்டரு ஒருத்தருதான் பாப்பாரு.”

வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக நான் அதுவரை பேசியதில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. சாமி என்னை முறைத்தார். பிறகு, கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கட்டி இருந்தது. சிறியது, பரவவில்லை என்று அறுத்து எடுத்தார்கள். அவருக்கு வலியும் இருந்ததில்லை, கண்ணில் பட்ட ரத்தமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். இன்றும் அவர்தான் எடை போடுகிறார்.

மற்ற நாலு பேருக்கும் டிரெசர் அன்றே புது டப்பா கொடுத்தார். இரண்டு பேர் திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. ஒருவர் செங் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். உஜோங் பாசிர்காரர் மட்டும், எப்போது கேட்டாலும், “சாமியோடத பாத்தாச்சே, திரும்ப என்னாத்துக்கு?” என்கிறார். ஆறு வருஷமாக இதே பதில். போன மாதம் அவர் சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்தேன். ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு வெயில் என்றார்.

அவர் வீட்டம்மாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். நாளைக்கு உஜோங் பாசிர் போய், இந்தத் தாளையும் ஒரு காலி டப்பாவையும் அந்த அம்மா கையிலேயே கொடுக்கப்போகிறேன்.

1963 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை.